சொந்தமாக நாவல் பதிப்பிப்பவருக்கு எந்த வடிவில் பணம் திரும்பும்?

சுமார் 90,000 சொற்களில் முதல் நாவலை எழுதி முடித்துவிட்டீர்கள். பதிப்பகங்களின் பதிலுக்குக் காத்திருக்காமல் நீங்களே வெளியிட நினைக்கிறீர்கள். மின்னூல், பேப்பர்பேக், கெட்டி அட்டை, ஒலிநூல் ஆகிய நான்கில் எதில் ராயல்டி அதிகம் என்பது உங்கள் கேள்வி. ஆனால் உங்கள் கடிதத்தின் கடைசி வரியில், சேமிப்பிலிருந்து ஒரு தொகையை இதற்காக ஒதுக்கியிருப்பதாகவும் அது வீணாகிவிடக் கூடாது என்றும் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது அதைத்தான் என்று நினைக்கிறேன்: போட்ட பணம் எந்த வடிவில், எத்தனை பிரதி விற்றால், எவ்வளவு காலத்தில் திரும்பும்? ராயல்டி சதவீதத்தை மட்டும் வைத்து இதற்கு விடை காண முடியாது. எழுத்தாளர்களின் நாவல்களுக்குப் பக்கம் வடிவமைப்பதும், அவற்றைப் பதிவேற்றுவதும், அதன் பிறகு அவர்களோடு உட்கார்ந்து விற்பனைக் கணக்கைப் பார்ப்பதும் பல ஆண்டுகளாக என் தொழில். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். உதாரணங்களுக்கு, எழுத்தாளர்கள் தாங்களே நூல் வெளியிட உதவும் அமேசானின் கேடிபி (கிண்டில் டைரக்ட் பப்ளிஷிங்) தளத்தின் அமெரிக்கச் சந்தை விதிகளை டாலரிலேயே எடுத்துக்கொள்கிறேன். பலரும் பயன்படுத்துவது அது. விதிகளும் பொதுவெளியில் இருக்கின்றன. அவை அவ்வப்போது மாறும் என்பதால், புத்தகத்தைப் பதிவேற்றும் நாளில் தளத்திலுள்ள கணிப்பானில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் செலவை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பிரதி விற்றாலும் ஆயிரம் விற்றாலும் மாறாத செலவு ஒன்று: எடிட்டிங், மெய்ப்புப் பார்த்தல், அட்டை வடிவமைப்பு, பக்க வடிவமைப்பு, ஐஎஸ்பிஎன் என்னும் நூல் அடையாள எண். ஒவ்வொரு பிரதிக்கும் ஆகும் செலவு மற்றொன்று: அச்சு, அனுப்புதல், கடையின் பங்கு. எடிட்டிங் செலவு நான்கு வடிவங்களுக்கும் பொதுவானது. ஒருமுறை நன்றாகச் செய்துவிட்டால் எல்லா வடிவங்களிலும் அது உழைக்கும். அதனால்தான் பணம் குறைவாக இருப்பவர்களிடம், வடிவங்களைக் குறையுங்கள், எடிட்டிங்கைக் குறைக்காதீர்கள் என்று பிடிவாதமாகச் சொல்கிறேன். ஐஎஸ்பிஎன் ஒவ்வொரு வடிவத்துக்கும் தனியாக வேண்டும். சில நாடுகளில் இலவசமாகத் தருகிறார்கள், சில நாடுகளில் விலைக்குத்தான் கிடைக்கும். கிண்டில் மின்னூலுக்கு அது தேவையே இல்லை. பேப்பர்பேக்குக்குத் தளமே இலவசமாக ஒன்று தரும். ஆனால் அந்த எண்ணை வேறு அச்சகத்துக்கோ வேறு தளத்துக்கோ எடுத்துச் செல்ல முடியாது.

மின்னூலில் அச்சுச் செலவு கிடையாது. கிண்டிலில் 2.99 முதல் 9.99 டாலர் வரை விலை வைத்தால் 70 சதவீதம், அதற்குக் கீழும் மேலும் 35 சதவீதம். இந்த எல்லைக் கோடுகள் விலை வைப்பதையே தீர்மானிக்கின்றன. 0.99 டாலருக்கு விற்றால் கைக்கு வருவது சுமார் 35 சென்ட். 2.99க்கு விற்றால் ஏறக்குறைய 2 டாலர். விலை மூன்று மடங்கு ஆகும்போது வருமானம் ஆறு மடங்கு ஆகிறது. மேல் எல்லையிலும் அப்படித்தான்: 9.99 டாலர் நூலுக்குக் கிட்டத்தட்ட 7 டாலர் கிடைக்கும், 10.99 வைத்தால் 3.85தான். 70 சதவீதத்துக்கு வேறு சில நிபந்தனைகளும் உண்டு. மின்னூலின் விலை அச்சு நூலின் விலையைவிடக் குறைந்தது 20 சதவீதம் குறைவாக இருக்க வேண்டும். கோப்பின் அளவைப் பொறுத்து, அமெரிக்கச் சந்தையில் ஒரு மெகாபைட்டுக்கு 15 சென்ட் வீதம் அனுப்பும் கட்டணம் பிடிப்பார்கள். எழுத்து மட்டும் உள்ள நாவல் அரை மெகாபைட்டைத் தாண்டாது, ஆகவே 2.99 டாலருக்கு 2.04 வரும். வரைபடம், அத்தியாயத்துக்கு ஓர் அலங்காரப் படம் என்று சேர்த்துக் கோப்பு 10 மெகாபைட் ஆகிவிட்டால் அதே நூலுக்கு 1.04தான். படங்களைச் சுருக்கிச் சேர்க்கப் பத்து நிமிடம்கூட ஆகாது. கவனிக்காமல் விட்டால் ஒவ்வொரு பிரதியிலும் பாதி வருமானம் போய்விடும். இன்னொன்று: இந்தியா, ஜப்பான், பிரேசில், மெக்சிகோ ஆகிய நாடுகளில் வாங்குபவர்களுக்கு விற்கும்போது, நூல் கேடிபி செலக்ட் திட்டத்தில் இருந்தால்தான் 70 சதவீதம்.

அந்த செலக்ட் திட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதில் சேர்ந்தால், மாதச் சந்தா கட்டி வாசிக்கும் கிண்டில் அன்லிமிடெட் சேவையின் சந்தாதாரர்களுக்கு நூல் கிடைக்கும். பதிலுக்கு, 90 நாட்களுக்கு மின்னூலை வேறெங்கும் விற்கவோ இலவசமாகத் தரவோ கூடாது. நீங்கள் நிறுத்தாவிட்டால் 90 நாட்கள் முடிந்ததும் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். இந்தக் கட்டுப்பாடு மின்னூலுக்கு மட்டுமே, அச்சு நூலை எங்கு வேண்டுமானாலும் விற்கலாம். 2015 ஜூலை முதல், சந்தாதாரர் வாசித்த பக்கங்களைக் கணக்கிட்டுப் பணம் தருகிறார்கள். ஒரு பக்கத்துக்கு இவ்வளவு என்று நிலையான தொகை இல்லை, மாதாமாதம் மாறும். பெரும்பாலும் அரை சென்ட்டுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். உங்கள் நாவல் அவர்கள் கணக்கில் 450 பக்கம் என்று வைத்துக்கொண்டால், ஒருவர் முழுவதும் வாசித்து முடித்தால் சுமார் 2 டாலர், அதாவது 2.99 டாலர் விற்பனைக்குச் சமம். ஐம்பதாம் பக்கத்தில் மூடிவைத்தால் கால் டாலர்கூட வராது. காதல், மர்மம், மிகுபுனைவு போன்ற வகைகளில் வேகமாக வாசித்துத் தள்ளும் சந்தாதாரர்கள் ஏராளம், அங்கே இந்தத் திட்டம் நன்றாகவே பணம் தருகிறது. நிதானமாக நகரும் இலக்கிய நாவலுக்கு அவ்வளவு பலன் இருந்து நான் பார்த்ததில்லை. பிரத்தியேக ஒப்பந்தம் வேண்டாம் என்றால் ஆப்பிள், கோபோ, கூகுள் ஆகிய கடைகளுக்குப் போகலாம். ஆப்பிளில் எந்த விலைக்கும் 70 சதவீதம். டிராஃப்ட்2டிஜிட்டல் போன்ற இடைத்தரகர் தளம் எல்லாக் கடைகளுக்கும் சேர்த்து அனுப்பிவிடும், அதற்கு நூல் விலையில் சுமார் 10 சதவீதம் எடுத்துக்கொள்ளும்.

பேப்பர்பேக் கணக்கில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள், ஆகவே இதை நிதானமாகப் பார்ப்போம். ஆர்டர் வந்த பிறகு ஒரு பிரதியை அச்சிட்டு அனுப்பும் முறையில் நீங்கள் முன்பணம் போட வேண்டாம், கிடங்கும் வேண்டாம். ஆனால் ஒரு பிரதியின் அச்சுச் செலவு அதிகம். கறுப்பு மையில் வழக்கமான அளவுள்ள நாவலுக்குக் கேடிபி எடுத்துக்கொள்வது நிலையாக ஒரு டாலர், அதோடு பக்கத்துக்கு 1.2 சென்ட். 300 பக்கம் என்றால் 4.60 டாலர். நூலின் விலையில் 60 சதவீதத்தைக் கணக்கிட்டு, அதிலிருந்து இந்த 4.60ஐக் கழித்து மீதியைத் தருவார்கள். 12.99 விலைக்கு 3.19 டாலர் கிடைக்கும். 2025 ஜூன் மாதத்திலிருந்து 9.99 டாலருக்குக் குறைவான விலையுள்ள நூல்களுக்கு 60 சதவீதம் 50 ஆகிவிட்டது. விளைவைப் பாருங்கள்: 9.99 வைத்தால் 1.39 டாலர், 9.98 வைத்தால் 39 சென்ட். விலையில் ஒரு சென்ட் குறைத்ததற்குப் பிரதிக்கு ஒரு டாலர் நஷ்டம். பல ஆண்டுகளுக்கு முன் விலை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காத எழுத்தாளர்கள் பலர் இந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கிறார்கள். அவர்கள் இன்றே தங்கள் கணக்கைத் திறந்து பார்ப்பது நல்லது.

இங்கே பக்க வடிவமைப்பும் வருமானமாகிறது. 5 அங்குலத்துக்கு 8 அங்குல அளவில் 360 பக்கம் வரும் நாவல், 6க்கு 9 அளவில் 300 பக்கத்துக்குள் அடங்கிவிடும். இரண்டு அளவுக்கும் பக்கக் கட்டணம் ஒன்றே. எழுத்தின் அளவில் கை வைக்காமலேயே பிரதிக்கு 72 சென்ட் மிச்சம். ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. செலவைக் குறைப்பதற்காக எழுத்தைப் பொடியாக்கி, வரிகளை நெருக்கி, ஓரங்களைச் சுருக்கிய நாவலை யாரும் நிம்மதியாக வாசிக்க முடியாது. என்னிடம் அப்படிக் கேட்பவர்களிடம், கதையை மதித்து வாசிக்க வந்தவரின் கண்ணுக்கு அதே மதிப்பைக் கொடுங்கள் என்றுதான் சொல்வேன்.

புத்தகக் கடையில் உங்கள் நாவலைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்குப் புரிகிறது. கணக்கு மட்டும் வேறு மாதிரி சொல்கிறது. அமேசானுக்கு வெளியேயுள்ள கடைகளுக்கு நூலை அனுப்பும் கேடிபியின் விரிவுபடுத்திய விநியோகத்தில் ராயல்டி 40 சதவீதம், அதே அச்சுச் செலவைக் கழித்தால் 12.99 டாலர் நூலுக்கு மிஞ்சுவது 60 சென்ட்தான். நூலை அச்சிட்டுக் கடைகளுக்கு விநியோகிக்கும் இங்கிராம்ஸ்பார்க் சேவை வழியாகப் போனால், கடைகள் எதிர்பார்க்கும் வழக்கமான மொத்தக் கழிவு 55 சதவீதம். மிஞ்சும் 5.85 டாலரில் அச்சுச் செலவு போக உங்களுக்கு வருவது ஒரு டாலரை ஒட்டியே இருக்கும். கடைக்காரர் விற்காத பிரதிகளைத் திருப்பி அனுப்பும் உரிமையையும் எதிர்பார்ப்பார். அதற்குச் சம்மதித்தால், திரும்பும் ஒவ்வொரு பிரதிக்கும் உங்கள் கணக்கிலிருந்து பணம் பிடிக்கப்படும். ஒரு மாதம் வரவாக வந்த தொகை நான்கு மாதம் கழித்துப் பற்றாக மாறுவதைப் பார்த்திருக்கிறேன். முதல் நாவலுக்குத் திருப்பி அனுப்பும் உரிமையைத் தராதீர்கள்.

ஆஃப்செட்டில் மொத்தமாக அச்சிட்டால் பிரதி விலை மிகவும் குறையும் என்று உங்களிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது உண்மை. தகடு தயாரிப்பதும் இயந்திரத்தை ஆயத்தம் செய்வதும் ஒருமுறைச் செலவு. பிரதிகள் கூடக்கூட அது பரவிக் கரைந்துவிடும். ஆனால் அச்சகம் சொல்லும் விலை அச்சிட்ட பிரதிக்கு, உங்களுக்குத் தேவையான கணக்கு விற்ற பிரதிக்கு. 1,000 பிரதியை 2 டாலர் வீதம் அச்சிட்டதாக வைத்துக்கொள்வோம். 300 விற்றால், விற்ற பிரதி ஒவ்வொன்றுக்கும் ஆன அச்சுச் செலவு 6.67 டாலர். ஒவ்வொன்றாக அச்சிடும் முறையின் 4.60ஐவிட இது அதிகம். 435 பிரதி விற்ற பிறகுதான் மொத்த அச்சு லாபமாகிறது, அதிலும் வைப்பறை வாடகையையும் தபால் செலவையும் நான் சேர்க்கவில்லை. உரைகள், கூட்டங்கள், அமைப்புகள் வழியாக நேரில் விற்கும் வாய்ப்பு கையில் இருப்பவர்களுக்கு மட்டுமே இதைப் பரிந்துரைப்பேன். அவர்களுக்கும் முதல் சுற்றுக்கு இன்னொரு வழி இருக்கிறது. கேடிபி, ஆசிரியர் பிரதிகளை அச்சுச் செலவுக்கே தருகிறது, அஞ்சல் கட்டணம் தனி. நூறு பிரதி வாங்கி நேரில் விற்றுப் பாருங்கள். எவ்வளவு வேகமாகத் தீருகிறது என்பதே மொத்தமாக அச்சிடலாமா என்ற கேள்விக்குப் பதில்.

கெட்டி அட்டைப் பதிப்பின் அச்சுச் செலவு பேப்பர்பேக்கைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. நூலகங்களுக்கும் பரிசளிப்பவர்களுக்கும், ஏற்கெனவே உங்களை நேசிக்கும் வாசகர்களுக்கும் அது பொருத்தம். முதல் நாவலுக்கு அவசரம் இல்லை.

ஒலிநூல் வேறு உலகம். பொதுவாக ஆங்கிலத்தில் 9,300 சொல் ஒரு மணிநேர ஒலிப்பதிவாகும், உங்கள் நாவல் பத்து மணிநேரத்தை நெருங்கும். தொழில்முறைக் குரல் கலைஞர்கள் முடிந்த ஒரு மணிநேரத்துக்கு இவ்வளவு என்று கேட்பார்கள். ஆங்கிலச் சந்தையில் 200 முதல் 400 டாலர் வரை சாதாரணம். ஆக, நூலின் மற்ற எல்லா வடிவங்களுக்கும் சேர்த்துச் செய்யும் செலவைவிட இது ஒன்றே அதிகமாகிவிடும். அதோடு அமேசானின் ஒலிநூல் கடையான ஆடிபிளில் விற்பனை விலையை நீங்கள் நிர்ணயிக்க முடியாது, தளமே நிர்ணயிக்கும். குரல் கலைஞருடன் ராயல்டியைப் பாதிப் பாதியாகப் பகிரும் ஏற்பாட்டில் கைப்பணம் தேவையில்லை, ஆனால் உரிமை ஏழு ஆண்டுகளுக்குப் பிரத்தியேகமாகக் கட்டுண்டுவிடும். இந்த ஏற்பாட்டைச் செய்துதரும் ஆடிபிளின் ஏசிஎக்ஸ் சேவையும் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து ஆகிய நாடுகளில் வசிப்பவர்களுக்கு மட்டுமே. இயந்திரக் குரலில் மிகக் குறைந்த செலவில் தயாரிக்கும் வசதி இப்போது வந்துவிட்டது. தகவல் நூலுக்கு அது போதுமானதாக இருக்கலாம். உரையாடலின் ஏற்ற இறக்கத்தில் உயிர்வாழும் நாவலுக்கு எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

இதுவரை சொன்னவை எல்லாம் கணக்கு, கூட்டிக் கழித்து யாரும் சரிபார்க்கலாம். எத்தனை பிரதி விற்கும் என்பதை மட்டும் எவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. உறுதியாகச் சொல்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். முடிந்ததெல்லாம் செலவிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுவது. எடிட்டிங், அட்டை, வடிவமைப்பு மூன்றுக்கும் சேர்த்து 1,500 டாலர் செலவானதாக வைத்துக்கொண்டால், 2.99 டாலர் மின்னூலில் அது திரும்ப சுமார் 735 பிரதி விற்க வேண்டும். 4.99 வைத்தால் 436 பிரதி போதும். 12.99 பேப்பர்பேக்கில் 470. ஒலிநூலுக்குக் கூடுதலாக 2,500 டாலர் போட்டு, பிரதிக்கு 3 டாலர் வந்தால்கூட அதற்கென்று தனியாக 830க்கும் மேல் விற்க வேண்டும். முகம் தெரியாத இத்தனை பேரை எப்படி அடைவேன் என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். நண்பர்களும் உறவினர்களும் முதல் சில டஜன் பிரதிகளோடு நின்றுவிடுவார்கள்.

அடுத்து எல்லோரும் நாடுவது விளம்பரம். ஒரு கிளிக் 40 சென்ட், பத்துப் பேரில் ஒருவர் வாங்குகிறார் என்று கொண்டால், ஒரு விற்பனைக்கு 4 டாலர் செலவாகிறது. 2.04 டாலர் வரவுக்கு 4 டாலர் செலவு செய்து யாரும் நிலைக்க முடியாது. இதே எண்களை ஒரு மூன்று பாகத் தொடருக்குப் போடுங்கள். முதல் பாகம் 2.99, மற்றவை 4.99. முதல் பாகம் வாங்கிய நூறு பேரில் 50 பேர் இரண்டாவதையும் 40 பேர் மூன்றாவதையும் வாங்கினால், விளம்பரத்தில் வந்த ஒரு வாசகரிடமிருந்து சராசரியாக 5.14 டாலர் கிடைக்கிறது. நஷ்டம் லாபமாகிவிட்டது. இந்த 50, 40 என்பவை நான் விளக்கத்துக்காக வைத்த எண்கள், உங்கள் கதைக்கு வேறாகத்தான் இருக்கும். ஆனால் சுயபதிப்பில் நன்றாகச் சம்பாதிப்பவர்களில் பெரும்பாலோர் தொடர் எழுதுபவர்களாகவோ பல நூல்கள் கொண்டவர்களாகவோ இருப்பதற்குக் காரணம் இதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தனி நாவலுக்கு விளம்பரம் செய்து பணம் பார்ப்பது மிகவும் கடினம்.

பணம் வரும் காலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விற்ற மாதம் முடிந்து சுமார் 60 நாட்கள் கழித்தே கேடிபி ராயல்டியை அனுப்பும், விளம்பரக் கட்டணமோ உடனுக்குடன் போய்விடும். இரண்டு மூன்று மாதச் செலவைத் தாங்கும் கையிருப்பு இல்லாமல் விளம்பரத்தைத் தொடங்காதீர்கள். அமெரிக்காவுக்கு வெளியே வசிப்பவர் என்றால், அமெரிக்காவில் நடக்கும் விற்பனைக்கான ராயல்டியில் 30 சதவீதம் வரியாகப் பிடிக்கப்படலாம். உங்கள் நாட்டுக்கும் அமெரிக்காவுக்கும் வரி ஒப்பந்தம் இருந்தால், கணக்கு தொடங்கும்போது வரி விவரப் படிவத்தைச் சரியாக நிரப்பி அதைக் குறைக்கலாம். பலர் இந்தப் பக்கத்தை அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள்.

உங்கள் நிலையில் நான் இருந்தால், ஒதுக்கிய தொகையின் பெரும்பகுதியை எடிட்டிங்குக்கும் அட்டைக்கும் கொடுப்பேன். மின்னூலை 4.99 டாலருக்கும், தேவைக்கேற்ப அச்சாகும் பேப்பர்பேக்கை 6க்கு 9 அளவில் 12.99 டாலருக்கும் ஒரே நாளில் வெளியிடுவேன். கதை விறுவிறுப்பான வகை என்றால் முதல் 90 நாட்கள் செலக்ட் திட்டத்தில் வைத்து, முடியும் வாரத்தில் பக்க வாசிப்பு வருமானத்தையும் விற்பனை வருமானத்தையும் ஒப்பிட்டுத் தொடர்வதா வெளியேறுவதா என்று தீர்மானிப்பேன். கெட்டி அட்டையையும் ஒலிநூலையும் இந்த நாவலே சம்பாதித்துத் தரும் பணத்தில் மட்டும் செய்வேன், சேமிப்பிலிருந்து எடுக்க மாட்டேன். மீதமிருக்கும் பணத்தை இரண்டாவது நாவலின் எடிட்டிங்குக்கு எடுத்து வைப்பேன்.